கூடுதல் பதினைந்து கிலோமீட்டர்

செவ்வாய், மார்ச் 4. இன்றைய பிழை: முதலாளி கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

குமாஸ்தா எழுதியதைத் திரும்பப் படித்தான். 'கேட்காத' என்பதை அழித்து 'கேட்க நினைக்காத' என்று எழுதினான். முதலாளி நினைக்கவில்லை என்று தனக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. அதையும் அழித்துப் பழையபடி எழுதினான். மாலை வகுப்பில் அவனுக்கு அழிரப்பர் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

அந்த வகுப்பில் வண்டிப் பராமரிப்பும் பதிவேடு எழுதுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரும் தினக்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. முதல் வரியில் அன்றைய பிழை, கடைசி வரியில் மறுநாள் வேலை. மற்றவர்கள் முதல் வரி கிடைக்காமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். குமாஸ்தாவுக்கு அதில் மட்டும் தட்டுப்பாடு வந்ததே இல்லை.

இந்தப் பிழையின் வேர் அந்த வகுப்பில்தான் இருந்தது. லாரிக்குக் கொஞ்சம் பெரிய டயர் போட்டால் ஒரு சுற்றுக்கு அது கூடுதல் தூரம் போகும், அதே தூரத்துக்குச் சக்கரமும் இன்ஜினும் குறைவாகச் சுற்றினால் போதும், நெடுஞ்சாலை சமதளமாகவும் லோடு லேசாகவும் இருந்தால் டீசல் மிச்சமாகும் என்று அங்கே சொன்னார்கள். குமாஸ்தா அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டான். அவன் வேலை பார்த்த லாரி ஆபீசின் வண்டி ஏற்றியது மெத்தை. கூரை முட்ட ஏற்றினாலும் எடை மேடைக்காரர் "ஏத்திட்டீங்களா?" என்று கேட்பார். ரோடோ மேசை மாதிரி சமம். இதைவிடப் பொருத்தமான வண்டி எங்கே கிடைக்கும்?

டிரைவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. டிரைவர் என்பது குமாஸ்தாவின் அக்கா வீட்டுக்காரர். சீட் உறையை மாற்றினாலே இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார்.

"ஓடுற வண்டியை நோண்டாதே மாப்ளே" என்றார்.

மறுநாள் டயர் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தவர் அடியோடு மாறியிருந்தார். நேரே முதலாளி முன்னால் போய் நின்று, "நல்ல யோசனைங்க. போடுறதுதான் போடுறோம், பெரிசாவே போட்டுருவோம்" என்றார். வண்டிக்கு அவராக ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆறு சக்கரத்துக்கும் ஒரு சைஸ் பெரிய டயர் வந்தது. மூன்று வாரம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை முதலாளி குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

முதலாளி யாரையும் நம்பாதவர். அறையில் மூன்று கடிகாரம் மாட்டியிருந்தார், ஒன்றை ஒன்று வேவு பார்க்க. அன்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"டீசல் எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"குறையலைங்க. போயிட்டு வர அதே நூறு லிட்டர்தான்."

குமாஸ்தா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தன் யோசனை தோற்றுப்போனதாக ஆகிவிடுமே என்ற பயத்தில் பதிவேட்டைப் புரட்டினான்.

"ஆனா தூரம் கூடியிருக்குங்க. முன்னெல்லாம் போக வர நானூறு. இப்ப மீட்டர்ல நானூத்திப் பதினஞ்சு வருது. அதே நூறு லிட்டர்ல பதினஞ்சு கிலோமீட்டர் அதிகமா ஓடியிருக்கு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"ரோடு நீண்டுருச்சா?"

"இல்லைங்க."

"கிடங்கை யாராச்சும் தள்ளி வச்சாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப அந்தப் பதினஞ்சு கிலோமீட்டர் யாருக்காக ஓடுது?"

முதலாளி நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம். அதுக்குள்ள எனக்குக் காரணம் வரணும். வரலைன்னா வண்டிச் சாவி வேற கைக்குப் போயிடும். உங்க அத்தான்கிட்ட மட்டும் கேட்டுடாதே. கேட்டா உஷாராயிடுவாரு."

குமாஸ்தா அன்றைய குறிப்பை இப்படி முடித்தான். நாளைய வேலை: அத்தானிடம் கேட்காமல் அத்தானிடம் கேட்பது.

அவன் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தான். அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். கழுத்தில் இன்ச் டேப் எப்போதும் தொங்கும். ரத்தக் கொதிப்பைப் பற்றி எதிலோ படித்த நாள் முதல் அவள் சமையலில் உப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது உப்பு டப்பாவைத் திறந்து மூடுவதோடு நிறுத்தியிருந்தாள். வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. சாப்பிட மட்டும் திறப்பார்கள், அதுவும் பாதியளவு.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது குமாஸ்தா ஆரம்பித்தான்.

"அத்தான், ரோட்ல ஏதாவது வேலை நடக்குதா? சுத்திப் போகச் சொல்றாங்களா?"

"இல்லையே மாப்ளே. ரோடு நூல் பிடிச்ச மாதிரி கிடக்கு."

"டீக்கடை ஏதாச்சும் கொஞ்சம் உள்ளே தள்ளி..."

"நான் வண்டியை நிறுத்துறதே இல்லையே."

"நிறுத்தினாலும் தப்பில்லை அத்தான். ஒரு பேச்சுக்கு."

"நிறுத்தலைன்னு சொல்றேன்ல" என்று அத்தான் தட்டோடு எழுந்து போனார்.

ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டீக்கடையைக் காரணமாக எழுதி ஒப்பேற்றியிருக்கலாம். இப்போது அதுவும் போயிற்று. அக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

"எதுக்குடா கேட்டே?"

"சும்மாக்கா."

"சும்மா கேக்குறவன் சாப்பாடு எப்படி இருக்குன்னு கேப்பான். சுத்திப் போறீங்களான்னு கேக்க மாட்டான்."

குமாஸ்தாவுக்குப் பொய் வராது. வந்தாலும் அதில் இரண்டு இடம் அழித்திருக்கும். பதினைந்து கிலோமீட்டர் விஷயத்தையும் வெள்ளிக்கிழமைக் கெடுவையும் சொல்லிவிட்டான். அக்கா போய் அத்தானின் டிபன் கேரியரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"உள்ளே பாரு."

பார்த்தான். "ஒண்ணுமில்லையேக்கா."

"அதான். கல்யாணமாகி எட்டு வருஷம். அந்த மனுஷன் குடிச்ச டம்ளரை நகர்த்தி வச்சது கிடையாது. மூணு வாரமா கேரியர் கழுவி வருது. சோப்புப் போட்டு."

"நல்லதுதானே?"

"எந்த ஆம்பிளைக்குடா தன்னால சோப்பு ஞாபகம் வரும்? எவளோ கழுவிக் குடுக்குறா."

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா."

"பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்காரு. பார்த்தியா நீ? என் சாப்பாட்டுக்கு எட்டு வருஷத்துல ஒரு ஓட்டை கூடினதில்லை."

குமாஸ்தாவுக்கு ஒரு வழி தோன்றியது. ரோட்டை ஒட்டி அத்தான் போகும்படியான இடமே இல்லை என்று காட்டிவிட்டால் அக்கா அடங்கிவிடுவாள். முதலாளியிடமும் அதையே காட்டலாம். வகுப்பில் கொடுத்த சாலை வரைபடத்தைத் தரையில் விரித்தான்.

"கூடுதல் பதினஞ்சு. போக ஏழரை, வர ஏழரை. அப்ப ரோட்ல இருந்து ஏழரை கிலோமீட்டருக்குள்ளதான் போயிருக்க முடியும்."

"ஏழரைதான் வந்து உக்காந்திருக்கே" என்றாள் அக்கா.

நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏழரை கிலோமீட்டர் தள்ளிச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டான். கோடுகளுக்கு நடுவில் இருந்த கிளைச் சாலைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தான். பெரும்பாலும் வெறும் வயல்.

"பார்த்தியா? மொத்தமே மூணு இடம்தான். ஒரு செங்கல் சூளை. ஒரு பழைய இரும்புக் கடை. அப்புறம் ஒரு பெண்கள் விடுதி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"பெண்கள் விடுதி" என்றாள் அக்கா.

"அதுல நூத்தம்பது பேர் இருக்காங்கக்கா."

"நூத்தம்பது பேரா?"

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலை." குமாஸ்தா அவசரமாக வரைபடத்தில் வேறு இடம் தேடினான். "அக்கா, இங்க பாரு. இந்த ஊர்லதானே அத்தானோட அக்கா வீடு இருக்கு?"

அக்காவின் முகம் விடுதியைக் கேட்டபோது மாறியதைவிட மோசமாக மாறியது.

"அந்தப் பேச்சை எடுக்காதே."

நான்கு மாதத்துக்கு முன்னால் அத்தானின் அக்கா விருந்துக்கு வந்திருந்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி வயித்துக்கு இதமா இருக்கு" என்றாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோயிற்று.

"இனிமே அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்னு என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்காரு" என்றாள் அக்கா. "அதை மீறி அவ வீட்டுக்குப் போய்க் கை நனைச்சாருன்னா, அதுக்கு அந்த விடுதிக்கே போயிருக்கலாம். அதையாவது மன்னிச்சிருப்பேன்."

"போகலைக்கா. போயிருக்கவும் முடியாது." குமாஸ்தா அளவுகோலை வைத்துப் பார்த்தான். "அது ரோட்ல இருந்து பதினாறு கிலோமீட்டர். கணக்குலயே வராது." அந்த ஊரின் மேல் பென்சிலால் ஒரு கோடு அடித்தான்.

"அந்த மட்டுக்கும் நிம்மதி" என்றாள் அக்கா. பிறகு மறுபடி விடுதியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமைக் குறிப்பில் அவன் எழுதிய பிழை: ஒரு வரைபடத்தை இரண்டு பேருக்குக் காட்டினேன்.

ஏனென்றால் முதலாளி விடுதியைக் கவனிக்கவே இல்லை. அவர் விரல் நேராகப் பழைய இரும்புக் கடையில் போய் நின்றது.

"இங்க என்னென்ன வாங்குவாங்க?"

"பழைய இரும்புங்க. தகரம். காலி பேரல்."

"காலி பேரல்." முதலாளி தலையை ஆட்டினார். "காலியாவேவா இருக்கும்?"

"டீசல் ஒரு சொட்டுக் குறையலையேங்க. அதே நூறு லிட்டர்தானே."

"அதான் எனக்குச் சந்தேகம். குறையணும்னுதானே டயர் போட்டோம்? குறைஞ்சிருக்கு. குறைஞ்ச டீசல் அங்க இறங்குது." அவர் குமாஸ்தாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீயும் உங்க அத்தானும் ஒரே வீடுல்ல?"

"ஆமாங்க."

"ஒரே சாப்பாடு."

"ஆமாங்க" என்றான் குமாஸ்தா, கொஞ்சம் வருத்தத்தோடு.

"டயரை மாத்தச் சொன்னது நீ. பெரிசாவே போடச் சொன்னது அவரு. சரியா ஏழரை கிலோமீட்டர்ல இரும்புக் கடை." முதலாளி மூன்று கடிகாரத்தையும் பார்த்தார். "நாளைக்கு நானே வண்டியில உக்காருறேன். அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சா, யார் சொன்னதுன்னு எனக்குத் தெரியும்."

குமாஸ்தா வெளியே வந்து லாரியின் நிழலில் நின்றான். அத்தானின் சாவியோடு இப்போது அவன் பேனாவும் போகப்போகிறது. இரண்டு சம்பளமும் நின்றால் அந்த வீட்டில் தையல் மெஷின் ஒன்றுதான் ஓடும். முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தான். கூடவே அக்காவின் இன்ச் டேப் வந்தது. காலையில் மேசையில் இருந்ததைக் கைக்குட்டையோடு அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

அதைப் பார்த்ததும் டயரை அளந்தால் என்ன என்று தோன்றியது. வேறு செய்யவும் ஒன்றுமில்லை.

கொட்டகைக்குப் பின்னால் கழற்றிப் போட்ட பழைய டயர் கிடந்தது. சுற்றி அளந்தான். முந்நூறு சென்டிமீட்டர். லாரியில் இருக்கும் புது டயரை அளந்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு. இரண்டையும் மறுபடி அளந்தான். மூன்றாம் தடவையும் அளந்தான். நூற்றுக்கு நான்கு பெரிது.

நானூறுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் பதினாறு.

குமாஸ்தா டயரைப் பிடித்துக்கொண்டான். மீட்டர் என்ன ரோட்டைப் பார்த்தா தூரம் சொல்கிறது? சக்கரம் சுற்றுவதை வைத்துத்தானே சொல்கிறது? சக்கரம் நூற்றுக்கு நான்கு பெரிதானால் தூரமும் நூற்றுக்கு நான்கு பெரிதாக வரும். பதினாறு வர வேண்டிய இடத்தில் பதினைந்து வந்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர் முன்னே பின்னே இருப்பது சகஜம். அத்தான் எங்கேயும் போகவில்லை.

அவன் வாழ்க்கையில் ஒரு கணக்கு இப்படி ஒட்டிக்கொண்டு வந்ததில்லை. சரிபார்க்க நோட்டைத் திறந்தவன், இதற்குமேல் என்ன சரிபார்ப்பது என்று மூடிவிட்டு முதலாளி அறைக்கு ஓடினான்.

முதலாளி இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு தானே போய் இன்ச் டேப்பைப் பிடித்து அளந்தார். டேப்பையும் ஒரு ஸ்கேலால் அளந்து பார்த்தார்.

"ஆக, திருட்டு மீட்டர்லதான்" என்றார் கடைசியில். மனிதனைவிட இயந்திரத்தைச் சந்தேகப்படுவது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. "எனக்கு அந்த மீட்டர் மேல ஆரம்பத்துல இருந்தே ஒரு கண்ணு."

"நாளைக்கு வண்டியில வர்றீங்களாங்க?"

"எதுக்கு? வேலை இல்லையா எனக்கு?" அவர் இன்ச் டேப்பைச் சுருட்டிக் கொடுத்தார். "ஆனா டீசல் அதே நூறு. தூரம் அதே நானூறு. அப்ப உன் டயரால என்ன புண்ணியம்? நாளைக்குக் கடைக்குப் போய்ப் பழைய சைஸே போடணும்னு சொல்லிட்டு வா."

குமாஸ்தாவுக்கு அது குத்தியது. ஆனாலும் சாவி தப்பியது.

வீட்டில் இதைக் கேட்ட அக்கா இரண்டு தரம் மூக்கைச் சிந்தினாள்.

"பாவம்டா. எனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு அவரே கழுவி எடுத்துட்டு வந்திருக்காரு. நான் பாரு, விடுதி வரைக்கும் போயிட்டேன்."

அத்தான் வந்ததும் அவருக்கு இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தாள். அத்தான் அந்த இரண்டு கரண்டியையும் கவலையோடு பார்த்தார்.

"என்ன விசேஷம்?"

குமாஸ்தா எல்லாவற்றையும் சொன்னான். அத்தான் மீட்டரைப் பார்த்து எழுதிக் கொடுப்பாரே தவிர, கழித்துப் பார்க்கிறவர் இல்லை. நானூற்றுப் பதினைந்து என்றதும் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நானூத்திப் பதினஞ்சா காட்டுது?" யாரோ கைவிட்டதுபோல் கேட்டார்.

"ஆமா அத்தான். ஆனா அது பொய்க் கணக்கு. டயர் பெரிசானதால மீட்டர் கூட்டிக் காட்டுது. முதலாளிகிட்ட நிரூபிச்சுட்டேன்."

"கூட்டியா?"

"கூட்டித்தான்."

அத்தான் அவனை வெகுநேரம் பார்த்தார்.

"இது வகுப்புல சொல்லிக்குடுத்ததா?"

"இல்லை. நானே கண்டுபிடிச்சது."

"அப்படியா." அவர் தண்ணீர் குடித்தார். "நல்லாப் படி மாப்ளே" என்று தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அத்தான் கேரியரோடு லோடுக்குப் போனார். குமாஸ்தா டயர் கடைக்குப் போனான். கடைக்காரர் ஒரு டயருக்குள் தலையை விட்டு ஆணி தேடிக்கொண்டிருந்தார்.

"மெத்தை லாரிக்குப் பழைய சைஸே போடணுமாம். முதலாளி சொன்னாரு."

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"மீட்டர் கூட்டிக் காட்டுதுங்க. பெரிய டயர்ல."

கடைக்காரர் தலையை வெளியே எடுத்தார்.

"பெரிய டயர்னா கம்மியாத்தானே தம்பி சுத்தும், மீட்டர் குறைச்சுத்தான் காட்டும். அன்னிக்கே உங்க டிரைவர்கிட்ட சொன்னேன், அதைக் கேட்டுட்டுத்தான் அவரு பெரிசாவே போடச் சொன்னாரு."

வெள்ளி, மார்ச் 7. இன்றைய பிழை: கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதி அடிக்கோடிட்டதை நானே படிக்கவில்லை. மீட்டர் காட்டியது 415. அதோடு நூற்றுக்கு நான்கு சேர்த்தால் லாரி ஓடியது 432. கூடுதல் 32. ஒரு பக்கத்துக்கு 16. வரைபடத்தில் அந்தத் தூரத்தில் இருப்பது நான் பென்சிலால் அடித்த ஊர்தான். நூறு லிட்டரில் 432 என்றால் என் டயர் யோசனை சரி. இதை யாரிடமும் சொல்ல முடியாது. இன்றும் கேரியர் கழுவி வந்தது. அக்கா அதை எல்லோருக்கும் காட்டினாள்.

நாளைய வேலை: டயரைக் கழற்றுமுன் மீட்டரைச் சரிபார்ப்பதாகச் சொல்லி அத்தானோடு வண்டியில் போவது. காலையில் எதுவும் சாப்பிடாமல் போவது.